ஆர்வலர் கண்ட அலைவழி

நம் நாட்டு ஒலிபரப்பு, ஒளிபரப்பு வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசு நிலையங்கள் எழுந்த ஆண்டிலிருந்தே தம் கதையைத் தொடங்குவர். தமிழ் வானொலியைப் பற்றி நாம் பேசும்பொழுதும் வழக்கம் இதுவே. அறிவிப்பாளர்தம் குரலினிமையையும் நாடகங்களின் சுவையையும் பாடல்களின் இனிமையையும் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அக்குரல்களைச் சுமந்து வந்த அலையை இம்மண்ணில் முதன்முதல் எழுப்பியவர் யாவர், எக்கருவி கொண்டு எழுப்பினர் என்னும் வினாவை எழுப்புவார் அரியர். அவ்வினாவுக்கு விடை தேடினால், அரசு அலுவலகங்களுக்கும் பெரும் வணிக நிறுவனங்களுக்கும் முன்னரே, ஊதியம் கருதாது உழைத்த ஒரு கூட்டத்தாரைக் காண்போம். அவர்களே வானொலி ஆர்வலர். தம் இல்லத்து மேசைமீது கம்பியும் சுருளும் வெற்றிடக் குழாயும் கொண்டு அலைபரப்பிகளைத் தாமே அமைத்தவர்கள் அவர்கள். பின்னாளில் படத்தையும் அவ்வாறே அனுப்பக் கற்றனர். அவர்தம் வரலாறும், அவர்கள் கையாண்ட 'பண்பேற்றி' என்னும் கருவியின் இயல்பும், அவற்றால் தமிழ்ப்பள்ளிகள் கற்க வேண்டிய பாடமும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

மலாயாவின் முதல் அலைகள்

மலாயாவில் வானொலி அடியெடுத்து வைத்தது 1921-ஆம் ஆண்டில். ஜொகூர் அரசில் மின்பொறியாளராகப் பணியாற்றிய ஏ.எல். பர்ச் என்பார் வானொலிக் கருவியொன்றை இந்நாட்டுக்குக் கொணர்ந்தார். அவர் முயற்சியால் ஜொகூரில் கம்பியில்லாத் தந்திச் சங்கம் ஒன்று தோன்றி, 300 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பத் தொடங்கியது. அதனைப் பின்பற்றிப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சங்கங்கள் எழுந்தன. கோலாலம்பூர்ச் சங்கத்தார் 1930-ஆம் ஆண்டில் புக்கிட் பெட்டாலிங் குன்றிலிருந்து 325 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பினர்.

மீட்டர் கணக்கைக் கண்டு இன்றைய மாணவர் மயங்க வேண்டுவதில்லை. அலை ஒரு விநாடியில் முப்பது கோடி மீட்டர் தொலைவு செல்கிறது. அவ்வேகத்தை அலையின் நீளத்தால் வகுத்தால் அதன் அதிர்வெண் கிடைக்கும். 300 மீட்டர் அலை விநாடிக்குப் பத்து இலட்சம் முறை அதிர்வது. 325 மீட்டர் அலை ஏறத்தாழ ஒன்பது இலட்சத்து இருபத்து மூவாயிரம் முறை அதிர்வது. இவை இரண்டும் பிற்காலத்தில் நம் பெற்றோர் கேட்டு மகிழ்ந்த மத்திய அலைவரிசையைச் சேர்ந்தவையே.

பினாங்குச் சங்கம் 1934-ஆம் ஆண்டில் தன் ஒலிபரப்பைத் தொடங்கியபொழுது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய மொழிகளோடு தமிழுக்கும் இடமளித்தது. இஃது ஊன்றி நோக்கற்குரிய செய்தி. சிங்கப்பூரில் கால்டிகாட் குன்றிலிருந்து பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் முறையாக இயங்கத் தொடங்கியது 1937-இல். அரசின் ஒலிபரப்புத் துறை உருவானதோ போருக்குப் பின், 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில். இவற்றுக்கெல்லாம் முன்னரே, ஓர் ஆர்வலர் சங்கத்தின் அலையில் தமிழ் ஏறிவிட்டது.

புக்கிட் பெட்டாலிங் குன்று எங்குள்ளது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரிக்பீல்ட்சுக்கு அணித்தாய், பழைய அரண்மனை நிற்கும் குன்று அது. பிரிக்பீல்ட்சின் மற்றொரு பக்கத்தில், பந்தாய்ப் பகுதியை நோக்கிச் சென்றால் அங்காசாபுரி எதிர்ப்படும். இரயில்வே ஊழியர்களாகவும் எழுத்தர்களாகவும் தொழில் வினைஞர்களாகவும் தமிழர் குடியேறி வாழ்ந்த பகுதி, ஆர்வலர் அலை எழுந்த குன்றுக்கும் அரசின் அலை எழும் மாளிகைக்கும் இடையே அமைந்திருக்கிறது. எனினும் அவ்வலைகளின் நுட்பத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சிலவே.

சென்னையும் கொழும்பும்

மலாயாவில் நிகழ்ந்தது தனித்த நிகழ்ச்சி அன்று. தமிழகத்திலும் இலங்கையிலும் ஒலிபரப்பு இவ்வாறே பிறந்தது. சென்னை மாநகராட்சியின் மின்துறையில் பணியாற்றிய சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பார் நண்பர் சிலரைக் கூட்டி 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் கழகம் ஒலிபரப்பத் தொடங்கியது. அதன் அலைபரப்பி 40 வாட் ஆற்றலே உடையது. இன்றைய அறையொன்றின் குழல்விளக்கு கொள்ளும் மின்னாற்றலுக்கு ஒப்பானது. பொருள் முட்டுப்பாட்டால் கழகம் 1927-இல் தன் பணியை நிறுத்த நேர்ந்தது. ஆனால், அதன் கருவி வீணாகவில்லை. மாநகராட்சி அதனை ஏற்று, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேதான் திறக்கப்பட்டது. ஆர்வலர் தொடங்கிய பணிக்கும் அரசு நிலையத்துக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் உள்ளன.

கொழும்பில் தந்தி அலுவலகத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923-ஆம் ஆண்டில் ஒலிபரப்புச் சோதனைகளில் ஈடுபட்டார். முதல் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு அவர் தம் அலைபரப்பியை அமைத்தார். அடுத்த ஈராண்டுகளில் அது முறையான நிலையமாயிற்று. 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அதனைத் திறந்துவைத்தவர் இலங்கை ஆளுநராகிய சர் ஹியூ கிளிப்பர்ட். அவரே 1927-இல் மலாயாவின் ஆளுநராக வந்தார் என்பது நம் மாணவர் அறிந்து மகிழத் தக்க தொடர்பு.

இம்மூன்று வரலாறுகளும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. ஒலிபரப்பு முதலில் ஆர்வலரின் மேசையில் பிறந்தது. பின்னரே அரசின் மாளிகைக்குச் சென்றது.

படத்தை அனுப்பிய கைகள்

ஒலியை அனுப்பியவர் ஒளியை அனுப்பவும் விழைந்தனர். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் லோகி பேர்டு என்பார் தேநீர்ப் பெட்டி, தையலூசி, மிதிவண்டி விளக்கின் கண்ணாடி வில்லை ஆகிய எளிய பொருள்களைக் கொண்டு தம் முதற்கருவியை அமைத்தார். 1926-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் இலண்டனில் அறிஞர் அவையினர்க்கு அவர் காட்டிய படம் முப்பதே வரிகளால் ஆனது. அதே ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் ஜப்பானில் கென்ஜிரோ தாக்கயனாகி என்னும் அறிஞர் நாற்பது வரிகளால் ஒரு படத்தை எதிர்மின்கதிர்க் குழாயின் திரையில் தோற்றுவித்தார். அவர் ஹமமட்சு நகரத்துத் தொழில்நுட்பப் பள்ளியொன்றின் ஆசிரியர். அவர் திரையில் காட்டியது எவருடைய முகத்தையும் அன்று. தம் தாய்மொழியின் 'இ' என்னும் எழுத்தை. ஓர் ஆசிரியர் புதிய கருவியொன்றை ஆக்கியவுடன் அதில் முதலில் ஏற்றியது தம் மொழியின் எழுத்து என்பதைத் தமிழாசிரியராகிய நாம் மறத்தலாகாது.

தமிழர் நடுவிலும் இத்தகைய முயற்சி நடந்ததுண்டு. 1950-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைத் தேனாம்பேட்டையில் நடைபெற்ற பொருட்காட்சியொன்றில், மின்பொறியியல் பயின்ற மாணவராகிய பி. சிவகுமாரன் என்பார் தொலைக்காட்சிக் கருவியொன்றை இயக்கிக் காட்டினார். எழுத்துருவம் ஒன்றைக் கருவி வரிவரியாக வருடியது. அதன் உருவம் எதிர்மின்கதிர்க் குழாயின் திரையில் தோன்றியது. இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் இச்செய்தியை வெளியிட்டது. இந்தியாவிலேயே இதுவே முதற் காட்சியாக இருக்கலாம் என்றும் கருதியது. தில்லியில் அரசின் தொலைக்காட்சி தொடங்கியது 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாளில். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் அமைந்தது 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளில். மாணவர் ஒருவர் செய்து காட்டியதைச் சென்னை மக்கள் தம் இல்லங்களில் காண இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன.

தமிழறிந்தோர் பலர் பேர்டின் பெயரைப் பொது அறிவுக்காக மனனம் செய்திருப்பர். தேனாம்பேட்டை மாணவரின் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவர்? அவர் கருவி படத்தை ஒரு கம்பி வழியே குறுந்தொலைவுக்கு அனுப்பியதா, வானலை வழியே அனுப்பியதா என்பதைவிட முதன்மையானது ஒன்றுண்டு. பிறர் செய்த கருவி வந்து சேரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தொலைக்காட்சி

மலேசியத் தொலைக்காட்சி 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பிறந்தது. ஜாலான் அம்பாங்கிலுள்ள துங்கு அப்துல் ரகுமான் மண்டபமே அதன் முதல் நிலையம். தொடக்கத்தில் கோலாலம்பூரும் கிள்ளான் பள்ளத்தாக்கும் மட்டுமே அதன் ஒளிபரப்பைக் கண்டன. 1969-ஆம் ஆண்டு அக்டோபரில் தொலைக்காட்சி அங்காசாபுரிக்கு இடம்பெயர்ந்தது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் நிறைந்த நாளில், 1978 டிசம்பர் 28-இல், வண்ண ஒளிபரப்பு வந்தது. இவ்வரலாற்றை ஆராய்ந்து எழுதியோருள் தமிழ் எழுத்தாளரும் ஒருவர் உளர் என்பது நமக்குப் பெருமை. வானொலியில் பணியாற்றிப் பின்னர்ப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ரெ. கார்த்திகேசு, 1963 முதல் 1983 வரையிலான மலேசியத் தொலைக்காட்சியின் வளர்ச்சியை மலாய் மொழியில் நூலாக எழுதினார். தமிழில் கதைகள் படைத்த அதே கையே தொலைக்காட்சியின் வரலாற்றையும் வரைந்தது.

அரசு நிலையங்கள் பெருகியபின் ஆர்வலர் பணி ஓய்ந்துவிடவில்லை. 1952-ஆம் ஆண்டில் மலாயா வானொலி ஆர்வலர் அலைபரப்புநர் சங்கம் தோன்றியது. 'மார்ட்ஸ்' என்னும் சுருக்கப் பெயரால் அஃது அறியப்படும். இன்று மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் தேர்வு நடத்தித் தகுதி பெற்றோர்க்கு ஆர்வலர் சான்றிதழும் அழைப்புக் குறியும் வழங்குகிறது. தீபகற்பத்து ஆர்வலரின் குறிகள் '9எம்2' என்றோ '9டபிள்யூ2' என்றோ தொடங்கும். உரிமம் பெறாது அலைபரப்புதல் சட்டப்படி குற்றம். வானம் பொதுவுடைமை, அதனைப் பயன்கொள்வோர் முறையறிந்து பயன்கொள்ளல் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து.

தொலைக்காட்சியைத் தாமே அமைத்த ஆர்வலர்

ஆர்வலர் தொலைக்காட்சிக்குத் தனியானதோர் அமைப்பு இங்கிலாந்தில் 1949-ஆம் ஆண்டில் எழுந்தது. பிரிட்டிஷ் ஆர்வலர் தொலைக்காட்சிக் கழகம் என்பது அதன் பெயர். அக்காலத்தில் போர் முடிந்து, ராடார்க் கருவிகளின் எஞ்சிய உறுப்புகள் மலிவான விலையில் விற்கப்பட்டன. அவற்றிலிருந்த எதிர்மின்கதிர்க் குழாய்களை ஆர்வலர் வாங்கித் தொலைக்காட்சித் திரையாக்கினர். படம் பச்சை நிறத்தில் தெரிந்தது, அளவோ கையகலமே. ஆயினும் அது தாமே ஆக்கிய படம். போருக்கென வார்த்த கருவி கல்விக்கு உதவிய கதை இது.

இம்முயற்சியில் பெரியதோர் இடர்ப்பாடு உண்டு. மனிதக் குரலை அனுப்ப மூன்று கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவழி போதும். முழுமையான தொலைக்காட்சிப் படத்துக்கோ ஐந்து மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அஃதாவது, ஒரு படம் செல்லும் வழியில் ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட குரல்கள் செல்லலாம். இத்துணை அகலமான வழி குறுகிய அலைவரிசைகளில் இல்லை. அமெரிக்கரான காப்தோர்ன் மெக்டொனால்டு 1958-ஆம் ஆண்டில் இதற்கு ஓர் அரிய தீர்வு கண்டார். படத்தை விரைந்து அனுப்புவானேன்? மெல்ல அனுப்பலாமே என்று எண்ணினார். 120 வரிகளால் ஆன ஒரு படத்தை எட்டு விநாடிகளில் அனுப்பும் முறையை வகுத்தார். கருமைக்கு 1500 ஹெர்ட்ஸ், வெண்மைக்கு 2300 ஹெர்ட்ஸ், வரி தொடங்குவதை உணர்த்த 1200 ஹெர்ட்ஸ் என ஒளியை ஒலியாக மாற்றியமையால், படம் குரல் செல்லும் வழியிலேயே கடல் கடந்து சென்றது. அனைத்துலக விண்வெளி நிலையம் இன்றும் சில நாள்களில் இத்தகைய மெல்லசைப் படங்களை அனுப்புகிறது. எளிய வானொலிப் பெட்டியொன்றும் கைப்பேசியும் இருந்தால் பள்ளித் திடலில் நின்றே அப்படத்தைப் பெறலாம்.

பண்பேற்றி என்னும் உறுப்பு

இனி, அலைபரப்பியின் உயிர்நிலையாகிய பண்பேற்றியைக் காண்போம். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப்பாதை 1886-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஈயமும் பின்னர் இரப்பரும் அவ்வழியே துறைமுகத்தை நோக்கிச் சென்றன. சரக்கு தானே ஓடுவதில்லை. வண்டி அதனைச் சுமந்து ஓடுகிறது. வானலையிலும் அவ்வாறே. உயர் அதிர்வெண் கொண்ட ஊர்தி அலை வண்டியைப் போன்றது. படமும் ஒலியும் சரக்கைப் போன்றவை. சரக்கை வண்டியில் ஏற்றும் மேடையே பண்பேற்றி. ஊர்தி அலையின் ஏதேனும் ஒரு பண்பைச் செய்திக்கேற்ப மாற்றுவதால் அதற்கு அப்பெயர் வந்தது. அலையின் உயரத்தை மாற்றினால் அது வீச்சுப் பண்பேற்றம். அதிர்வெண்ணை மாற்றினால் அதிர்வெண் பண்பேற்றம். நாம் நாள்தோறும் வழங்கும் 'பண்பலை' என்னும் இனிய சொல் இவ்வேரிலிருந்தே கிளைத்தது.

மலேசியாவில் வழங்கிய பழைய ஒளிபரப்பு முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 வரிகள். விநாடிக்கு 25 படங்கள். ஆகவே விநாடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்கு 64 மைக்ரோவிநாடி. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஏறத்தாழ 4.7 மைக்ரோவிநாடி நீளமுள்ள ஒத்தியக்கத் துடிப்பு ஒன்று வரும். வகுப்பில் ஆசிரியர் கைதட்டிப் புதிய அடியைத் தொடங்கச் சொல்வது போன்றது அது. படத்தின் ஊர்தி அலை வீச்சுப் பண்பேற்றம் பெற்றது, ஒலியோ 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, அதிர்வெண் பண்பேற்றம் பெற்றுச் சென்றது.

இதில் நுணுக்கமொன்று உண்டு. ஒளி மிகுந்தால் அலையின் உயரமும் மிகும் என்றே நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. ஒத்தியக்கத் துடிப்பின்போது அலை முழு உயரத்தில் நிற்கும். கருமைக்கு அதன் முக்கால் அளவு. வெண்மைக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இதனை எதிர்முகப் பண்பேற்றம் என்பர். சாலையில் செல்லும் வண்டிகளின் தீப்பொறி போன்ற இடையூறுகள் அலையின் உயரத்தைக் கூட்டுவன. எதிர்முகப் பண்பேற்றத்தில் அவ்விடையூறு திரையில் கரும்புள்ளியாகவே தெரியும். வெண்புள்ளியைப்போல் கண்ணை உறுத்தாது. அலைபரப்பியின் ஆற்றலும் சிக்கனமாகும்.

இக்கருவி நமக்கு அயலானதும் அன்று. 1980-களில் தமிழ்த் திரைப்படங்களை ஒளிநாடாவில் கண்டு மகிழாத இல்லம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அரிது. அந்த ஒளிநாடாக் கருவியின் பின்புறத்தில் தகட்டாலான சிறு பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. ஒளிநாடாவின் படத்தையும் ஒலியையும் ஊர்தி அலையில் ஏற்றி, தொலைக்காட்சிப் பெட்டியின் வெற்று அலைவரிசையொன்றுக்கு அனுப்பியது அப்பெட்டியே. அதுதான் பண்பேற்றி. வரவேற்பறைதோறும் ஒரு சிறிய அலைபரப்பி இருந்தது; அதனை நாம் அறியாதிருந்தோம்.

நுண்கட்டுப்படுத்தியின் வரவு

பண்பேற்றியைத் தாமே அமைத்த பழைய ஆர்வலர் பட்ட துன்பம் சிறிதன்று. சுருளின் இடைவெளியைச் சற்றே மாற்றினும் அதிர்வெண் நழுவும். வெப்பம் ஏறினும் நழுவும். நம் நாட்டு வெயிலில் அறையின் வெம்மையே அதற்குப் போதும். நழுவிய அலை பிறர் வழியில் புகுந்து இடையூறு விளைக்கும். இத்துன்பத்தைப் போக்கியது நுண்கட்டுப்படுத்தி. கணிப்பான், நினைவகம், உள்ளீட்டு வெளியீட்டு வாயில்கள் ஆகிய யாவும் ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி அது. 1970-களின் இடைப்பகுதியில் சந்தைக்கு வந்தது. 1976-ஆம் ஆண்டின் 8048, 1980-ஆம் ஆண்டின் 8051 ஆகிய இன்டெல் சில்லுகளால் பரவியது. அதே இன்டெல் நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் தொழிற்சாலை அமைத்தது என்பதும் நினைவிற்குரியது. 1990-களில், எழுதியதை மின்சாரத்தாலேயே அழித்து மீண்டும் எழுதத்தக்க சில்லுகள் மலிந்தபின், நுண்கட்டுப்படுத்தி ஆர்வலர் மேசைக்கும் எளிதில் வந்தது.

அது பண்பேற்றியில் ஆற்றும் பணிகள் நான்கு. முதலாவது, அதிர்வெண்ணை நிறுத்துதல். படிகம் ஒன்றிலிருந்து 250 கிலோஹெர்ட்ஸ் அளவுள்ள உறுதியான அலையொன்று பெறப்படுகிறது எனக் கொள்வோம். 1280 மெகாஹெர்ட்ஸ் ஊர்தி அலை வேண்டுமாயின், அவ்வலையை 5120 என்னும் எண்ணால் வகுத்தல் வேண்டும். ஈவு 250 கிலோஹெர்ட்ஸ். இரண்டையும் ஒரு சுற்று ஒப்பிட்டு, வேறுபாடு தோன்றுந்தோறும் ஊர்தி அலையை இழுத்து நேராக்கும். நுண்கட்டுப்படுத்தி செய்வது 5120 என்னும் எண்ணை இரண்டே கம்பிகள் வழியே அச்சுற்றுக்கு அனுப்புவதுதான். வேறு அதிர்வெண் வேண்டின் வேறு எண் அனுப்பினால் அமையும். சுருளைத் திருக வேண்டுவதில்லை.

இரண்டாவது, காவல். ஊர்தி அலை உரிய எண்ணில் நிலைபெறும்வரை இறுதிப் பெருக்கியை இயங்கவிடாது அது தடுத்து நிற்கும். பிறர் வழியில் புகாமை என்னும் ஒழுக்கத்தைக் கருவியே காக்கிறது. மூன்றாவது, அழைப்புக் குறி. யார் அலைபரப்புகின்றார் என்பதை அறிவித்தல் ஆர்வலரின் கடமை. அக்குறியைப் படத்தின்மேல் எழுத்தாகப் பொறிப்பதும் அச்சில்லே. நான்காவது, நினைவு. மின்சாரம் நின்று மீண்டும் வந்தாலும், முன்பு அமைத்த அளவுகளை அது மறப்பதில்லை.

சோதனைப் படத்தையும் அச்சிறு சில்லே வரைதல் கூடும். விநாடிக்கு முப்பது இலட்சம் கட்டளைகளை நிறைவேற்றும் நுண்கட்டுப்படுத்தி ஒன்றுக்கு, 64 மைக்ரோவிநாடி நீளமுள்ள வரியொன்றில் கிடைப்பவை 192 கட்டளைகள் மட்டுமே. அந்த 192-க்குள் துடிப்பையும் அனுப்ப வேண்டும். கருமை வெண்மைகளையும் மாற்ற வேண்டும். அடுத்த வரிக்கும் அணியமாக வேண்டும். ஒரு கட்டளை கூடினும் குறையினும் படம் சாயும். வெண்பாவில் ஒரு சீர் மிகினும் தளை தட்டுவதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இக்கட்டுப்பாடு புதிதாகத் தோன்றாது.

இன்று வழிமுறைகள் மேலும் மாறியுள்ளன. மலேசியாவின் பழைய ஒளிபரப்பு முறை 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாளோடு நாடெங்கும் முடிவுற்று, எண்முறை ஒளிபரப்பு அதன் இடத்தைப் பெற்றது. ஆர்வலரும் எண்முறைக்கு மாறி வருகின்றனர். மலேசியாவின் சிறு துணைக்கோளாகிய தியுங்சாட்-1 கி.பி. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏவப்பட்டபொழுது ஆர்வலர் வானொலிக் கருவியையும் சுமந்து சென்றது. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கத்தார் நாடு ஏவிய துணைக்கோளொன்றில் ஆர்வலர் தொலைக்காட்சிக்கெனவே ஒரு வழி அமைந்துள்ளது. கோலாலம்பூரிலிருந்து நோக்கினால் அத்துணைக்கோள், கிள்ளான் கடற்கரைக்கு அப்பால், மேற்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தரைப் பாகை உயரத்தில் நிற்கிறது. தடையின்றி மேற்கு வானம் தெரியும் கூரையொன்று வாய்த்தால், அத்திசையில் திருப்பிய ஏற்பியின் வழியே தொலைநாட்டு ஆர்வலரின் படத்தைத் தேடிப் பிடிக்க முயலலாம்.

மொழியும் பள்ளியும்

இவ்வரலாற்றை இத்துணை விரிவாக எழுதியதற்குக் காரணம் உண்டு. தமிழ் இலக்கியத்துக்கும் சமயத்துக்கும் உரிய மொழி. தொழில்நுட்பத்துக்குப் பிறமொழியை நாடுவதே அறிவுடைமை என்னும் எண்ணம் நம்மிடையே மெல்ல வேரூன்றி வருகிறது. 2003-ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை தமிழ்ப்பள்ளிகளிலும் புகுந்தது. 2012 முதல் அக்கொள்கை படிப்படியாகக் கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், ஒரு தலைமுறை மாணவர் 'மின்தடை', 'அதிர்வெண்', 'ஊர்தி அலை' ஆகிய சொற்களைத் தம் வகுப்பறையில் கேளாமலே வளர்ந்தனர். சொல்லை இழந்தவர் அச்சொல் குறிக்கும் பொருளைத் தம்முடையதாக எண்ணுவதில்லை. பொருளைத் தம்முடையதாக எண்ணாதவர் அதனை ஆக்கத் துணிவதுமில்லை. இதுவே நம்மை எதிர்நோக்கும் உண்மையான இழப்பு.

பிறமொழி கற்றல் கூடாதென்று கூறுவார் எவருமிலர். உரிமத் தேர்வுக்கு மலாயும் ஆங்கிலமும் வேண்டும். கருவிகளின் குறிப்பேடுகளும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. ஆயினும், ஒரு கருவி எவ்வாறு இயங்குகிறது, ஏன் அவ்வாறு இயங்குகிறது என்னும் தெளிவு, மாணவர் தம் தாயோடு பேசும் மொழியில் ஒருமுறையேனும் அவர் உள்ளத்தில் எழுந்துவிட்டால், பின்னர் அதனை எம்மொழியிலும் அவர் எடுத்துரைக்க வல்லவராவார். பண்பேற்றி, ஒத்தியக்கத் துடிப்பு, நுண்கட்டுப்படுத்தி ஆகிய சொற்களால் இக்கட்டுரை இதுகாறும் விளக்கியவை தமிழில் விளங்கினவெனில், தமிழால் இயலுமா என்னும் ஐயத்துக்கு அதுவே விடை.

தமிழ்ப்பள்ளிகளில் இன்று 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடம் உண்டு. நிரலாக்கத்தின் அடிப்படையையும் மாணவர் கற்கின்றனர். மலிவான நுண்கட்டுப்படுத்திப் பலகைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆசிரியர் சற்றே ஊக்கங்கொண்டால், அலைபரப்பாமலே, கம்பி வழியாகப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியொன்றில் மாணவர் தாமே ஆக்கிய படத்தைத் தோற்றுவிக்கலாம். இதற்கு உரிமம் வேண்டுவதில்லை. அருகில் வாழும் உரிமம் பெற்ற ஆர்வலர் ஒருவரை அழைத்தால் அவர் மகிழ்ந்து வந்து உதவுவார். அறிந்ததைப் பகிர்தல் அவர்தம் மரபு. வரலாற்றாசிரியரும் தம் பங்கை ஆற்றுதல் வேண்டும். இரயில்வேயிலும் தொலைத்தொடர்புத் துறையிலும் வானொலி நிலையங்களின் பொறிக்கூடங்களிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழ்த் தொழில்நுட்பர் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் நினைவுகளை மாணவர் கேட்டு எழுதி வைத்தால், குரல்களின் வரலாற்றோடு கைகளின் வரலாறும் தமிழுக்குக் கிடைக்கும்.

ஜப்பானிய ஆசிரியர் தம் மொழியின் எழுத்தைத் திரையில் ஏற்றி நூறாண்டு அளவாகிறது. தேனாம்பேட்டை மாணவர் எழுத்துருவம் ஒன்றைத் திரையில் காட்டி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நம் வகுப்பறையில் பதினாறு புள்ளி அகலமும் பதினாறு புள்ளி உயரமும் கொண்ட கட்டத்தை வரைந்து, அதில் 'அ' என்னும் எழுத்தை நிரப்பி, அதனை எண்களாக மாற்றி, நுண்கட்டுப்படுத்தியில் பதித்துத் திரையில் காணும் மாணவர், எழுத்தையும் எண்ணையும் ஒருங்கே கற்றவராவார். அப்பணியை நம் பள்ளிகள் வரும் ஆண்டிலேயே தொடங்கலாம்.